25 ரூபாய் சாமானுக்கு ஒன்றரை மாத அலைச்சல்

கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்தின் 25ஆம் ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். உயரம் 400 அடி. சக்கரம் இறங்கியாச்சு, வேகமும் சரி. திடீரென்று இடது இன்ஜின் மட்டும் உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது. என் கை த்ராட்டில்மேல், அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்மேல், சும்மாதான் இருந்தது. மூக்கு வலப்பக்கம் திரும்பி, ஓடுபாதையை விட்டுப் புல்தரையில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் தண்டையார்பேட்டை மாடி அறையில், லேப்டாப்பில் ஓடும் விமான சிமுலேட்டரில்தான்; த்ராட்டிலும் யூஎஸ்பியில் செருகிய இரண்டு லீவர் பெட்டிதான். ஆனாலும் 2 மணி நேரம் ஓட்டிவந்த விமானம், வயிறு எரியாதா?

சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு லீவர் அசையாமலே அது அனுப்பும் எண் துள்ளும் இந்த நடுக்கத்தைப் பற்றி விளக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ320 ஓட்டுபவர்களுக்கு இன்னும் கொடுமை. லீவரை 'கிளைம்ப்' பள்ளத்தில் வைத்துவிட்டால் மீதியை, இன்ஜின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்ட் பார்த்துக்கொள்ளும். என் லீவர் பள்ளத்தில் கிடந்தாலும் அது அனுப்பும் எண் பள்ளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் துள்ளியதால், 'லீவரைக் கிளைம்பில் வை' என்ற எழுத்து திரையில் மின்னிக்கொண்டே இருந்தது. அங்கேதானே வைத்திருக்கிறேன்!

முதல் இரண்டு வாரத்தை மென்பொருளில் தொலைத்தேன். அதில் ஒன்றே ஒன்று உருப்படியானது: புதிதாக எதைச் செருகினாலும் சிமுலேட்டர் தானாகவே சில அச்சுகளை (எந்த லீவர் எதை இயக்கும் என்ற இணைப்பு) ஒதுக்கிவிடும். என் ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் சின்ன ஸ்லைடரும் த்ராட்டில் என்றே பதிவாகியிருந்தது. இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. ஸ்லைடரை நீக்கியதும் பாதி ஆட்டம் நின்றது. யாருக்காவது இந்தத் தொல்லை வந்தால் முதலில் இதைப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை.

மீதிப் பாதிக்கு டெட்சோனை (லீவரின் அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி) கூட்டினேன், சென்சிட்டிவிட்டி வளைவை (லீவர் நகர்வுக்கு எவ்வளவு எதிர்வினை என்ற கோடு) வளைத்தேன், யூஎஸ்பி மின்சேமிப்பை அணைத்தேன். எதுவும் வேலைக்கு ஆகவில்லை. டெட்சோன் நுனியில் இருக்கும் ஆட்டத்தைத்தான் மறைக்கும், நடுத்தூரத்துத் துள்ளலை ஒன்றும் செய்யாது. மின்சேமிப்பை அணைப்பது, கருவி அடிக்கடி துண்டித்துக்கொள்ளும் நோய்க்கான மருந்து. என் நோய் வேறு. லீவரின் இரு கோடிகளையும் அளந்து பதியும் கேலிபரேஷனை மட்டும் ஏழெட்டு முறை செய்திருப்பேன். நடுங்குகிற லீவரை கேலிபரேட் செய்தால் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே அளந்து வைத்துக்கொள்ளும். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

அப்புறம்தான் புத்தி வந்தது. சிமுலேட்டரை மூடிவிட்டு, விண்டோஸின் ரன் பெட்டியில் ஜாய், ஒரு புள்ளி, சிபிஎல் (joy.cpl) என்று அடித்தால் கருவி என்ன அனுப்புகிறது என்று நேரடியாகக் காட்டும். இடது லீவரின் பட்டை அங்கேயும் ஆடியது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும். நான் இரண்டு வாரம் கழித்துச் செய்தேன்.

வாரண்டி முடிய 4 நாள் இருந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பில் எங்க சார்?" போனில் காட்டினேன். "பிரிண்ட் வேணும். ஒரிஜினல் பாக்ஸும் வேணும்." பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிறதா என்று கேட்டதற்கு, பாக்ஸ் இல்லாமல் எப்படியும் எடுக்க மாட்டோம் என்றார். சரி என்று திரும்பினேன். அடுத்த வாரம் பிரிண்ட், அட்டைப்பெட்டி, அதற்குள் இருந்த தெர்மாகோல்கூட விடாமல் கொண்டுபோனேன். அதே ஆள், அதே நாற்காலி. தேதியைப் பார்த்தார். "வாரண்டி முடிஞ்சிடுச்சே சார்." போன வாரமே வந்தேனே என்றால், "என்ட்ரி இல்லையே" என்கிறார். என்ட்ரி போடாதவர் யார்? இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. என் பங்கு முட்டாள்தனமும் உண்டு: முதல் நாளே வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு ஜாப் நம்பர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே நின்றபடியே ஒரு இமெயில் தட்டியிருக்க வேண்டும்.

டி.எச். ரோடு பக்கத்துச் சந்தில் டிவி, மிக்சி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அம்மாதான் அவரிடம் போகச் சொன்னாள். விமானத்தை அவரிடம் எப்படி விளக்குவது என்று தயங்கிக்கொண்டே போனேன்.

"இன்னாபா இது, கியர் பாக்ஸா?"

விஷயத்தைச் சொன்னேன். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தவர் சிரித்துவிட்டார். "வால்யூம் கண்ட்ரோல்பா இது. பழைய ரேடியோவுல திருப்பினா கரகரன்னு சத்தம் வரும் பாரு, அதே கேஸு. அங்க காதுல கேக்குது, இங்க உன் பிளேனு ஆடுது."

பொட்டென்ஷியோமீட்டர் என்று நான் படித்ததைத்தான் அவர் வால்யூம் கண்ட்ரோல் என்கிறார். உள்ளே வளைந்த கரித்தடம், அதன்மேல் உரசி ஓடும் ஒரு சின்ன உலோகக் கை. தடம் தேய்ந்தாலோ அழுக்கு படிந்தாலோ கை அந்த இடத்தில் தொட்டும் தொடாமலும் ஓடும். அவரிடம் முள் ஆடும் பழைய மல்டிமீட்டர் ஒன்று இருந்தது. அதைப் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக் காலிலும் ஓரக் காலிலும் வைத்து லீவரை மெதுவாகத் தள்ளச் சொன்னார். முள் சீராக ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் வெடுக்கென்று விழுந்து எழுந்தது. நான் வீட்டில் டிஜிட்டல் மீட்டரில் பார்த்தபோது இது தெரியவே இல்லை. எண் மாறுவதற்குள் துள்ளல் முடிந்துவிடுகிறது.

"வூடு எங்க?" என்றார். காசிமேட்டுப் பக்கம், கடலிலிருந்து மூன்றாவது தெரு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும். உப்புக் காத்துக்கு வால்யூம் கண்ட்ரோல் எம்மாத்திரம்?

காண்டாக்ட் கிளீனரை மூடியின் இடுக்கு வழியாக அடித்து, லீவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக 40 முறை தள்ளச் சொன்னார். கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், தீப்பிடிக்கும் சமாச்சாரம். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதில் அடிக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். எண்ணெய் தங்கி, தூசியைக் கூட்டி வைத்துக்கொள்ளும். காய்ந்தபின் செருகினேன். பட்டை சிலை மாதிரி நின்றது. அன்று இரவு கோயம்புத்தூர் போய் வந்தேன், இன்ஜின் முனகவில்லை.

12 நாள். அப்புறம் மறுபடி அதே ஆட்டம்.

"தடம் தேஞ்சிடுச்சு, புதுசு மாத்திடு. ரிச்சி ஸ்ட்ரீட்ல 10கே வால்யூம் கண்ட்ரோல்னு கேளு" என்றார். 10கே என்றால் 10 கிலோ ஓம் மின்தடை; ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த தெரு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஏறினேன், இறங்கினேன், நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை. வரிசையாக ஷட்டர். சென்னையில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். மூன்றாவது கடையில் கிடைத்தது, 25 ரூபாய். பெரியவர் சொன்ன வார்த்தையையே சொன்னேன்: "10கே வால்யூம் கண்ட்ரோல்." பெரியவர் பற்றவைத்துக் கொடுத்தார். நடுக்கம் சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் லீவரைப் பாதி தள்ளியும் இன்ஜின் தூங்கியது. கடைசி இரண்டு விரற்கடையில் ஒரே பாய்ச்சல்.

கழற்றி எழுத்தைப் பார்த்தால் ஏ10கே. பழையதில் பி10கே. கடைக்காரர்மேல் தப்பே இல்லை. வால்யூம் கண்ட்ரோல் கேட்டேன், வால்யூம் கண்ட்ரோல் கொடுத்தார். நம் காது கேட்கும் விதத்துக்கு ஏற்றபடி ஒலிக்கான கண்ட்ரோலில் மின்தடை முதலில் மெல்ல ஏறி, கடைசியில் தாவும். அதுதான் ஏ. த்ராட்டிலுக்கு வேண்டியது சீராக ஏறும் பி, அதாவது லீனியர். பழைய சாமானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் இந்த வம்பே இல்லை. தண்டையும் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் தட்டையாக வெட்டியதா, பல்பல்லாக நடுவில் பிளந்ததா என்று. மாறிப்போனால் லீவரில் உட்காராது.

மறுபடி மெட்ரோ. இந்த முறை பி10கே இரண்டு வாங்கினேன், கூடவே 104 என்று எழுதிய சின்ன செராமிக் கெப்பாசிட்டர் நாலைந்து. அதை நடுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டால் பொடித் துள்ளல்களை விழுங்கிவிடும், லீவர் மந்தமாவதும் இல்லை. பெரியவர் அன்று கடை திறக்காததால் நானே பற்றவைத்தேன். ஓரத்து வயர் இரண்டும் இடம் மாறிவிட்டன; முன்னால் தள்ளினால் இன்ஜின் அடங்கியது. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம். சிமுலேட்டரில் அச்சைத் தலைகீழாக்கும் வசதி இருப்பதால் அப்படியே விட்டுவிட்டேன். இடது லீவர் அன்றிலிருந்து அசையவில்லை.

இனி நிம்மதி என்று நினைத்தால், அதுவரை நல்ல பிள்ளையாக இருந்த வலது லீவர் லேசாக ஆடியது. இதில் ஒரு விசித்திரம்: லீவரின் உலோகத் தண்டில் கை பட்டால் ஆடும், எடுத்தால் நிற்கும். லேப்டாப் உடம்பைத் தடவினால் விரலில் ஒரு கூச்சமும் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன். ஆட்டமும் இல்லை, கூச்சமும் இல்லை. தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிளக் பாயிண்டைக் கழற்றினார். மூன்று ஓட்டை இருக்கிறது, மூன்றாவதுக்குப் பின்னால் வயரே இல்லை. தாத்தா காலத்து வீடு, யாரும் எர்த் இழுக்கவில்லை. கீழ்வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து புதிதாக எர்த் வயர் இழுத்ததற்குத்தான் இந்தக் கதையிலேயே பெரிய செலவு. "பிளேனுக்கா எர்த்து?" என்று அம்மா கேட்டாள். வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துத்தான் என்றேன், சமாதானமானாள்.

அடுத்து வாங்கினால், காந்தத்தின் நகர்வை அளக்கும் ஹால் சென்சார் வைத்த த்ராட்டில்தான். காந்தம் தொடாமலே நகர்வதால் தேய்வதற்குத் தடமே கிடையாது. விலையைப் பார்த்துவிட்டு இப்போதைக்கு மூடி வைத்திருக்கிறேன்.

மிஞ்சிய ஏ10கேவை அப்பாவின் பழைய ரேடியோவுக்காவது போட முடியுமா என்று பெரியவரிடம் கேட்டேன். அதில் சுவிட்சோடு சேர்ந்த கண்ட்ரோல்தான் உட்காருமாம். டிராயரில் கிடக்கிறது.