பீக்கன், என்எஃப்சி, யுடபிள்யூபி: பரீட்சைக்கும் ப்ராஜெக்டுக்கும் நான் படித்த விதம்

மொபைல் கம்ப்யூட்டிங் எலெக்டிவில், ஒரு பொருளோ ஆளோ எங்கே, எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கண்டறியும் தொழில்நுட்பங்களைப் பற்றிய யூனிட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: பெயர்கள் அதிகம். ஆர்எஃப்ஐடி, என்எஃப்சி, ப்ளூடூத் லோ எனர்ஜி, வைஃபை ஆர்டிடி, யுடபிள்யூபி, போதாததற்கு ஜியோஃபென்சிங் (ஓர் இடத்தைச் சுற்றிக் கற்பனை வேலி போட்டு, போன் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிப்பது). சீனியர் நோட்ஸில் இதெல்லாம் ஒரே அட்டவணைக்குள் அடைந்து கிடக்கும். அதை மனப்பாடம் செய்தால் இரண்டு மார்க் கேள்விகளைத் தாண்டிவிடலாம். "ஒரு மருத்துவமனைக்கு எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?" என்று 13 மார்க்குக்கு வந்தால் அட்டவணை உதவாது.

நான் ஒவ்வொரு தொழில்நுட்பத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்டுத்தான் படித்தேன்: இது எதை அளக்கிறது? பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமா, வந்து சேரும் சிக்னலின் பலத்தையா, சிக்னல் போய்வர எடுக்கும் நேரத்தையா, அல்லது அது வரும் திசையையா? இதற்கு விடை தெரிந்தால் துல்லியம், செலவு, எங்கே சொதப்பும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

என்எஃப்சி எதையும் அளப்பதில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸில் இரண்டு சுருள்களுக்கு நடுவே உள்ள காந்தப்புலத்தை வைத்துப் பேசுகிறது. சில சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால்தான் வேலை செய்யும். அந்தக் குட்டை எல்லைதான் அதன் இடத்தகவல்: போனைத் தட்டினீர்கள் என்றால் அந்த இடத்தில் நிற்கிறீர்கள். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஓர் ஆர்எஃப்ஐடி; தட்டிப் படிக்கும் என்எஃப்சி அட்டையைப் போலவே அதிலும் பேட்டரி கிடையாது, ஆனால் அதைச் சுங்கச்சாவடியில் பல மீட்டர் தள்ளியிருந்தே படிக்கிறார்கள். இரண்டுமே பேட்டரி இல்லாதவை, தூரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வைவாவில் கேட்க அழகான கேள்வி. அருகாமைக் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பச் சரிந்துவிடும். ஃபாஸ்டேக் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரீடர் அனுப்பும் அலையையே மாற்றித் திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டு வரி போதும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது ப்ளூடூத் பீக்கனுக்கு, அதாவது தன் அடையாள எண்ணை ப்ளூடூத்தில் திரும்பத் திரும்ப அனுப்பும் சின்னக் கருவிக்கு. கேள்விகளும் இங்கிருந்துதான் அதிகம் வரும், ப்ராஜெக்டும் பெரும்பாலும் இதில்தான் செய்வோம். 2010-இல் வந்த ப்ளூடூத் 4.0 லோ எனர்ஜியைக் கொண்டுவந்தது; 2013-இல் ஆப்பிள் தன் பீக்கன் முறையான ஐபீக்கனை அறிவித்தது. பாக்கெட்டுக்குள் இருப்பவை கொஞ்சம்தான்: 16 பைட் யுயுஐடி (தனித்துவமான அடையாள எண்), இரண்டு பைட் மேஜர், இரண்டு பைட் மைனர் (அதற்குள் பிரித்துக் காட்டும் எண்கள்), கடைசியில் ஒரு மீட்டர் தூரத்தில் சிக்னல் எவ்வளவு பலமாகக் கிடைக்கும் என்ற ஒரு பைட் எண். ஒரு கடைச் சங்கிலிக்கு ஒரு யுயுஐடி, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மேஜர், கிளைக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மைனர் என்று உதாரணத்தோடு எழுதினால் மறக்காது. இன்னொன்று: பீக்கன் யாரையும் பார்ப்பதில்லை, தன் எண்ணைக் கத்திக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று முடிவு செய்வது போனில் உள்ள ஆப். "பீக்கன் போனைக் கண்காணிக்கிறது" என்று எழுதினால் அடுத்து வரும் தனியுரிமைப் பகுதியும் சேர்ந்து தப்பாகிவிடும்.

பீக்கன் தன் எண்ணைக் கத்தும் சேனல்கள் (advertising channels) 37, 38, 39 என்று அடுத்தடுத்த எண்களாக இருந்தாலும் அவற்றின் அதிர்வெண்கள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்று சிதறிக் கிடக்கும். காரணம், வைஃபையில் அதிகம் பயன்படும் 1, 6, 11 சேனல்களின் நெரிசலிலிருந்து ஒதுங்கி நிற்பது. மேற்கூரையில் வைஃபை ரவுட்டர் தொங்கும் ஹாலில் ப்ராஜெக்ட் காட்டப்போகிறீர்கள் என்றால் இது வெறும் இரண்டு மார்க் விஷயம் இல்லை.

அப்புறம் தூரக் கணக்கு. சிக்னல் பலம் (அலகு டிபிஎம்) ஒரு மீட்டரில் −59, இப்போது கிடைப்பது −79. வித்தியாசம் 20 டெசிபல். தூரம் கூடக்கூடச் சிக்னல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் இழப்பு அடுக்கைத் திறந்தவெளிக்கு 2 என்று எடுத்தால் தூரம் 10 மீட்டர். அலமாரியும் சுவரும் நிறைந்த அறைக்கு 3 என்று எடுத்தால் அதே அளவீடு 4.6 மீட்டர் என்கிறது. இந்தக் கணக்கை இரண்டு அடுக்குக்கும் பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டுங்கள்; சிக்னல் பலத்தை நம்பி மீட்டர் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். 6 டெசிபல் ஆடினாலே திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரட்டிப்பாகிவிடும்.

இதைப் படிப்பதைவிடப் பார்ப்பது நல்லது. ப்ளூடூத் உள்ள ஓர் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டை பீக்கனாக்கி, சிக்னல் பலத்தைக் காட்டும் என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பைப் போனில் திறந்துகொண்டு நில்லுங்கள். பிறகு அதே இடத்தில் பீக்கனுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். நம் உடம்பில் உள்ள தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சுவதால், ஓர் அடிகூட நகராமல் எண் சரிவதைப் பார்க்கலாம். எங்கள் டெமோவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினரிடம் போனைக் கொடுத்து இதைச் செய்யச் சொன்னோம். அடுத்த கேள்விகள் எல்லாம் சுலபமாகின. ஐபீக்கனே ஒட்டினாற்போல், அருகில், தொலைவில் என்று மண்டலமாகப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இந்த ஆட்டம்தான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "3.27 மீட்டர்" என்று போடாதீர்கள், எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. 2020-இல் கோவிட் தொடர்பு கண்டறியும் ஆப்களிலும் இதே தலைவலி வந்தது. டப்ளின் டிராம் ஒன்றில் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்தபோது, உலோக உடலில் பட்டுத் திரும்பும் அலைகளால் சிக்னல் பலத்துக்கும் தூரத்துக்கும் நம்பகமான தொடர்பே கிடைக்கவில்லை.

சரி, நேரத்தை அளப்பவை. ஒளி ஒரு நானோ வினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். இந்த ஒரு எண்ணை நினைவில் வையுங்கள். யுடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட்) குறைந்தது 500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தை எடுத்துக்கொள்வதால் அதன் துடிப்புகள் மிகக் குறுகியவை. நேராக வந்த அலையையும் சுவரில் பட்டு வந்த அலையையும் அதனால் பிரித்தறிய முடிகிறது, பத்து இருபது சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. போய்வரும் நேரத்தை அளப்பதால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டியதில்லை. 2019-இல் ஐபோன் 11, 2021-இல் ஏர்டேக் என்று உதாரணம் கொடுக்கலாம். கார்ச் சாவியின் சிக்னலைத் தூரத்திலிருந்து நீட்டித்துத் திருடும் ரிலே தாக்குதலை இது தடுக்கும் என்பதையும் எழுதுங்கள். பலத்தைப் பெருக்கி ஏமாற்றலாம், பயண நேரத்தைக் குறைத்துக் காட்ட முடியாது. வைஃபை ஆர்டிடியும் இதே வகைதான், ஆண்ட்ராய்டு 9 முதல் உண்டு, துல்லியம் ஒன்றிரண்டு மீட்டர்.

திசைக்கு 2019-இல் வந்த ப்ளூடூத் 5.1-ஐக் குறிப்பிட்டால் போதும். 2024-இல் ப்ளூடூத் 6.0 கொண்டுவந்த சேனல் சவுண்டிங் அலையின் கட்டத்தை (phase) வைத்துத் தூரம் சொல்கிறது. என் நான்கு வகைக்குள் அது நேராக அடங்கவில்லை, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

பாடப்புத்தகம் கண்டுகொள்ளாத இடம் ஆப் பக்கம். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை ப்ளூடூத் ஸ்கேன் செய்யவே இருப்பிட அனுமதி வேண்டும். 12-இல்தான் தனி அனுமதி வந்தது. ஐபோனில் ஓர் ஆப் ஒரே நேரத்தில் 20 பகுதிகளைத்தான் (regions: ஜியோஃபென்ஸ் அல்லது பீக்கன் தொகுதி) கவனிக்கும். பழைய புத்தகத்தில் கூகுளின் பீக்கன் வடிவமான எட்டிஸ்டோனைப் படித்தால், அதை நம்பியிருந்த கூகுளின் நியர்பை நோட்டிஃபிகேஷன்ஸ் 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டதையும் சேர்த்துப் படியுங்கள். தேவையில்லாத அறிவிப்புகள் பெருகியதுதான் காரணம்.

இப்போது அந்த மருத்துவமனைக் கேள்வி. சக்கர நாற்காலி எந்த வார்டில் இருக்கிறது என்பதற்கு பீக்கன் போதும், இந்த மருந்து இந்த நோயாளிக்குத்தானா என்று கட்டிலருகே சரிபார்க்க என்எஃப்சி, சென்டிமீட்டர் துல்லியம் தேவைப்படும் ஓரிரு அறைகளுக்கு மட்டும் செலவு செய்து யுடபிள்யூபி. மூன்றையும் கலந்து எழுதுங்கள், ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். கடைசியில் பேட்டரிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். நாணய பேட்டரியில் ஓடும் பீக்கன் 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை கத்தினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு வினாடிக்கு ஒருமுறை என்றால் பல மடங்கு நாள் ஓடும், ஆனால் நடந்துபோகிறவரின் போன் அதைத் தாமதமாகக் கவனிக்கும். எத்தனை பீக்கன், யார் ஏணி போட்டு ஏறி மாற்றுவார் என்பதையும் எழுதிவிடுங்கள்.