ஏ, பி, சி பார்த்த பிறகுதான் டிரில்

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. பாதி வேலை, தேய்ந்துபோன பழைய பார்ட்டைக் கொண்டுவந்து வைத்து "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்பதுதான். போன சீசனுக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வந்த டிராயிங் அந்த ரகமில்லை. பேரிங் தாங்கும் பிளேட். நடுவில் போர் (பெரிய துளை), சுற்றிலும் எம்12 போல்ட்டுக்கு நான்கு ஓட்டைகள். தூரங்கள் எல்லாம் சின்னப் பெட்டிகளுக்குள். ஒன்றிலும் பிளஸ் மைனஸ் கிடையாது. கீழே ஒரு நீளக் கட்டம்: பொசிஷன் குறி, விட்டக் குறியோடு 0.3, வட்டத்துக்குள் எம், அப்புறம் ஏ, பி, சி.

"தூரத்துக்கு டாலரன்ஸே போடலையே தம்பி?" என்றார் லேத் ஓட்டும் அண்ணன். பெட்டிக்குள் இருப்பது ஓட்டை இருக்க வேண்டிய சரியான இடம் மட்டும்தான். எவ்வளவு விலகலாம் என்ற டாலரன்ஸ் கீழ்க்கட்டத்தில் இருக்கிறது. 0.3 மி.மீ. என்பது ஓட்டையின் மையம் அடங்க வேண்டிய வட்டத்தின் விட்டம். ஆகவே எந்தத் திசையிலும் மையம் 0.15 வரைதான் நகரலாம்.

எண்ணைவிட எழுத்துகள்தான் வேலை வைத்தன. எதிலிருந்து, எந்த வரிசையில் அளக்க வேண்டும் என்று சொல்பவை அவை. ஏ என்பது மெஷின் செய்த பின்பக்க முகம், பி நடுப் போர், சி பக்கவாட்டு ஸ்லாட் (வெட்டுப் பள்ளம்). மெஷினில் பிளேட் உட்காரும் விதமும் அப்படித்தான்: முகம் படிகிறது, போர் மையம் பிடிக்கிறது, ஸ்லாட் திரும்பவிடாமல் நிறுத்துகிறது. பிளேட்டின் ஓரமோ கேஸ் கட்டிங்கில் வெட்டியது, அதன்மேல் எதுவும் பொருந்தப் போவதில்லை. ஆனால் ஓரத்திலிருந்து கோடு கிழித்து பஞ்ச் அடிப்பதுதான் எங்கள் பட்டறை வழக்கம். "ஓரம் நேராத்தானே இருக்கு" என்று அண்ணன் கடைசிவரை முனகினார். முகத்தையும் போரையும் ஒரே செட்டிங்கில் முடித்து, ஸ்லாட் வெட்டி, போரில் மாண்ட்ரல் (துளைக்குள் இறுகும் உருளைத் தண்டு) மாட்டி அங்கிருந்தே ஓட்டைகளுக்கு அளந்தோம்.

சோதனைக்கும் அதே வரிசைதான். செங்குத்தாக நிற்கும் ஆங்கிள் பிளேட்டில் ஏ முகத்தைச் சாய்த்து, ஸ்லாட்டைச் சமன் செய்து, ஓட்டையில் பின் செருகி உயரம் அளக்கும் ஹைட் கேஜால் இரண்டு திசையிலும் பார்த்தோம். காலைக் குளிரைப் பற்றி ஒரு கவலை இருந்தது, அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி அல்லவா. 200 மி.மீ. எஃகு 10 டிகிரிக்கு 0.023 மி.மீ.தான் மாறும் என்று கணக்குப் போட்டதும் அதை விட்டுவிட்டோம்.

வாங்குபவர் தரப்பு ஆய்வாளர் முதல் லாட்டில் ஒரு பிளேட்டை ஒதுக்கி வைத்தார். அதன் ஓர் ஓட்டை ஒரு திசையில் 0.12, மறுதிசையில் 0.05 விலகியிருந்தது. அவர் பார்த்தது பிளஸ் மைனஸ் 0.1 என்று. 0.3 வட்டத்துக்குள் அடங்கும் சதுரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் டிராயிங் கேட்பது வட்டம். 0.12, 0.05 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.13. விட்டத்தோடு ஒப்பிட அதன் இருமடங்கு 0.26, பாஸ்.

இன்னொன்று 0.14, 0.11. அதற்குக் கணக்கு 0.356 வந்தது, 0.3-ஐத் தாண்டிவிட்டது. இங்கேதான் வட்டத்துக்குள் இருக்கும் எம் கைகொடுத்தது. ஓட்டை அதன் குறைந்த அளவைவிட எவ்வளவு பெரிதோ, அவ்வளவு விலகலையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். ஓட்டை அளவு 13.0 முதல் 13.2 வரை, 0.3 என்பது 13.0-க்கு. இந்த ஓட்டை 13.1 இருந்ததால் கூடுதலாக 0.1 கிடைத்து 0.4 வரை செல்லும். ஓட்டை பெரிதானால் போல்ட் நுழைய இடம் கூடுகிறது, அவ்வளவுதான் விஷயம். காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு லாட்டுக்கும் இப்படிக் கணக்குப் போட முடியாது. எனவே அளக்காமலே பொருத்திப் பார்க்கும் கேஜ் ஒன்று செய்தோம். நடுவில் போருக்குள் விரிந்து பிடிக்கும் மாண்ட்ரல், ஸ்லாட்டுக்கு ஒரு கீ, 13.0-இல் 0.3 கழித்து 12.7 மி.மீ.யில் நான்கு பின்கள். ஏ முகம் படிந்து நான்கும் இறங்கினால் பொசிஷன் சரி. ஓட்டையின் அளவை மட்டும் பிளக் கேஜால் (துளை அளவு பார்க்கும் உருளை) தனியாகப் பார்த்துவிட வேண்டும், 13.2-ஐத் தாண்டிய ஓட்டையிலும் அந்தப் பின் ஜோராக இறங்கிவிடும்.