ரௌட்டரின் பிளாஷ் சிப்பைக் கழற்றி எழுதிப் பார்த்த அனுபவம்

ஆடிச் சாரலில் மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மாலையில், புளியரையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் வைஃபை ரௌட்டர், ஃபர்ம்வேர் (ரௌட்டரை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் நடந்துகொண்டிருந்தபோதே நின்றுபோனது. "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டவரிடமிருந்து வாங்கி, செங்கோட்டைக்குக் கொண்டுவந்து பிரித்தேன்.

உள்ளே இருந்தது எட்டுக் கால் கொண்ட, 64 மெகாபிட் (8 எம்பி) கொள்ளும் வின்பாண்ட் நிறுவனத்தின் பிளாஷ் சிப்; ஃபர்ம்வேர் இருப்பது இதில்தான். 1971இல் இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய இப்ராம் என்ற பழைய வகை நினைவகச் சிப்பை அழிக்கப் புறஊதா ஒளி வேண்டும். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த பிளாஷ், மின்சாரத்தாலேயே அழிவதால்தான் ரௌட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் இதில் எழுதுவது என்பது 1ஐ 0 ஆக்குவது மட்டுமே. மீண்டும் 1 ஆக்க, குறைந்தது 4 கேபி பகுதியை முழுதாக அழித்தாக வேண்டும். அழித்தபின் எழுதுவதற்குள் மின்சாரம் போனால், அவ்விடத்தில் பழையதும் இராது, புதியதும் இராது.

சிப்பைக் கணினிவழி படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமரின் கறுப்புப் பலகையில் டேட்டா கம்பிகள் 5 வோல்ட் தருகின்றன, சிப்போ 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மல்டிமீட்டரில் பார்த்து, 3.3 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகே சிப்பைத் தொட்டேன். சிப்பைக் கழற்றாமலே கிளிப் மாட்டிப் படித்தபோது அதன் அடையாள எண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வந்தது, ஏனெனில் கிளிப்பின் மின்சாரம் ரௌட்டர் பலகை முழுதும் பரவி பிராசஸரையும் எழுப்பிவிடுகிறது, அதுவும் சிப்போடு பேசத் தொடங்கிவிடுகிறது. ஹாட் ஏர் கொண்டு கழற்றியதும் ஈஎஃப் 40 17 என்று திருத்தமாக வந்தது.

இரண்டு முறை படித்து, இரு கோப்புகளின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றே என உறுதி செய்துகொண்டேன். இந்தப் பழைய கோப்பு புதிய ஃபர்ம்வேரைவிட விலைமதிப்புள்ளது; கடைசி 64 கேபியில் உள்ள வைஃபை அளவீடுகள் அந்த ஒரு பலகைக்கே உரியவை, வேறெங்கும் கிடைக்கமாட்டா. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால், ரௌட்டரை முதலில் எழுப்பும் பூட்லோடர் இருக்கவேண்டிய முதல் 128 கேபியின் நடுவே எழுத்துகள் சட்டென அறுந்து, அதன்பின் வரிவரியாக எஃப்எஃப் (எல்லாம் 1, அதாவது அழிந்த இடம்) மட்டுமே நின்றது. அதற்கப்பால் பழைய ஃபர்ம்வேர் பழுதில்லாமல் இருந்தது.

ஆகவே அதே மாடலில், அதே பதிப்புள்ள வேறொரு பலகையிலிருந்து பூட்லோடரை எடுத்து, அதன் இறுதியில் இருக்கும் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் அந்தச் சாதனத்தின் அடையாள எண்) அண்ணாச்சியின் பெட்டி ஸ்டிக்கரில் உள்ளபடி திருத்தி, ஃபிளாஷ்ராம் என்ற மென்பொருளில் அந்த 128 கேபியை மட்டும் எழுதினேன். சரிபார்ப்பும் தேறியது, சிப்பைத் திரும்பப் பற்றவைத்ததும் ரௌட்டர் எழுந்தது. அடுத்து, 16 எம்பி சிப் ஒன்றைப் பொருத்தி, அளவீட்டுப் பகுதியைப் புதிய கடைசி 64 கேபிக்கு நகர்த்திப் பார்க்கவிருக்கிறேன்.