கொஞ்சமா, நல்லாவா?

"தம்பி, இந்த பட்டரி லைட் பத்திக்கொண்டே ஈக்கிதே. பிழையா?"

"எல்இடி அப்படித்தான் நானா. லீக் கரண்டுக்கே எரியும். பயப்படாம ஓடுங்க."

அரை நிமிசம்கூடப் பேசவில்லை. ஒரு கையில் சோல்டரிங் அயர்ன், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சில வாகனங்களில் எல்இடி பல்ப் சொட்டுக் கரண்டுக்கும் மங்கலாக எரிவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் "கொஞ்சமா எரியுதா, நல்லா எரியுதா" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நானா ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, வான் ஓடுகிறவர். அந்த வான் பழைய டீசல். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு அதை விற்று வேறு எடுக்கும் யோசனையையே விட்டுவிட்டார். 2025இல் திறந்துவிட்டபோது விலை கேட்டுச் சிரித்தார். இருப்பதைச் செய்து ஓடுவோம் என்றுதான் என்னிடம் வந்தார். இரவில் டாஷ்போர்டு மீற்றர் இருட்டு, ஸ்பீட் தெரியவில்லை. பஞ்சிகாவத்தை வாகன பார்ட்ஸ் கடையில் ஒரு பக்கட் வெள்ளை எல்இடி வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அந்த வேலையை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பட்டரி மைனஸைக் கழற்றி, மேல் மூடியின் ஸ்க்ரூ எடுத்து, மீற்றரைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பின்னால் கைவிட்டு ஸ்பீட் கேபிளின் கிளிப்பை அமத்தினால் முழுசாகக் கையில் வந்துவிடும். பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புக்கோடுகள். ஹோல்டர்களைக் கால் சுற்றுத் திருப்பினால் பல்ப் வெளியே. மூன்று பல்ப் எரிந்து, கண்ணாடி உள்ளே கறுத்துப் போயிருந்தது. சார்ஜ் லைட்டின், அதாவது நானா பட்டரி லைட் என்கிற அந்தச் சிவப்பு லைட்டின், பல்ப் நல்ல பல்ப். கழற்றினதோடு எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் போட்டுவிடுவோம் என்று அதையும் எடுத்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் என்று பக்கம் உண்டு. மாறிப் போட்டால் எரியாது. சாவியைத் திருப்பியபோது சார்ஜ் லைட் எரியவில்லை. கழற்றித் திருப்பிப் போட்டேன், எரிந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு மிதி மிதித்தேன், அணைந்தது. பட்டரியில் மல்டிமீற்றரை வைத்தேன்: 14.1 வோல்ட், சார்ஜ் ஏறுகிறது. இதற்குமேல் என்ன பார்க்க வேண்டும்? இன்றைக்கு யோசித்தால் அந்த ஒரு மிதிதான் என்னை ஏமாற்றியது.

விசயம் இதுதான். எஞ்சின் ஓடும்போது பட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அல்டர்னேட்டர். பழைய அல்டர்னேட்டரின் உள்ளே சுற்றுவது மின்காந்தம். அதற்கு முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் கரண்ட் போனால்தான் காந்தம் பிடிக்கும், சார்ஜ் தொடங்கும். அந்த முதல் கரண்ட் சாவி வழியாக வந்து, டாஷ்போர்டிலுள்ள அந்தச் சின்ன சார்ஜ் லைட் பல்ப்புக்குள்ளால்தான் போகிறது. 3.4 வாட் பல்ப் என்றால் கால் அம்பியருக்குக் கிட்ட. எல்இடி விடுவதோ 20 மில்லி அம்பியர் அளவு. காணாது. எஞ்சினை உறுமவிட்டால், இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தில் சிலவேளை பிடித்துக்கொள்ளும், சிலவேளை பிடிக்காது. நானா உறுமவிடுகிற ஆள் இல்லை. டீசல் விலைக்குப் பயந்து பூப்போல மிதிப்பார்.

எனக்கு வேலை பழக்கிய மாஸ்டர் எந்த மீற்றரைக் கழற்றினாலும் அந்த ஓட்டைக்கு மட்டும் பழைய ரக பல்ப்பைத்தான் போடுவார். ஏனென்று சொன்னதில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். நானும் கேட்கவில்லையே.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வாசலில் வான் நின்றது. மழை, காலி வீதி நெரிசல், ஏசி, ஹெட்லைட், வைப்பர், எல்லாம் ஓடி வந்த வான். எயார்போட் ஹயர். பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பெட்டிகளை இறக்கி வேறு வானில் ஏற்றி ஆட்கள் போய்விட்டார்கள். பட்டரி முடிந்தது என்று கடையில் சொன்னார்களாம். புதிது வாங்கிப் போட்டார். அந்த மாத ஹயர் காசில் பெரிய பங்கு அதற்கே போனது.

பட்டரிக்கு மூன்று வயது. எப்படியும் போகிற காலம்தான். பட்டரி விற்றவனும் சார்ஜ் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். இப்படி நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் உண்மையும் உண்டு.

பத்து நாளில் புதுப் பட்டரியும் இறங்கி, வானைத் தள்ளி ஸ்டார்ட் செய்து என்னிடம் கொண்டுவந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மல்டிமீற்றரில் 12க்குக் கீழே, சார்ஜ் ஏறவில்லை. டாஷ்போர்டைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு மங்கலாக எரியவில்லை, நல்ல பிரகாசமாக எரிந்தது. போனில் அவர் சொன்னது இதைத்தான். நான் திருப்பிப் போட்ட எல்இடி அதன் வேலையைச் சரியாகச் செய்து அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டார். நான் பயப்படாமல் ஓடச் சொன்னேன்.

பழைய பல்ப்பை லாச்சியில் தேடி எடுத்துப் போட்டேன். ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. மிதிக்காமலே 14.

"என்ன தம்பி பிழை?"

"ஒரு ஹோல்டர் லூஸ் நானா. சரியாக்கிட்டேன்."

இது பொய். ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஏசுவார் என்ற பயமென்றாலும் பரவாயில்லை. நானா ஏசுகிற ஆளே இல்லை. "அதுக்கென்ன தம்பி, தெரியாமத்தானே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் எனக்கு விருப்பமில்லாமல் இருந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. வாங்காததை அவர் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். அது இன்னும் மோசம்.

அதன்பிறகு அவர் ஹயர் ஓடுகிற ஆட்களையெல்லாம் என்னிடம் அனுப்புகிறார். "பட்டரிக்காரனுக்கே தெரியல்ல, பிழையைப் புடிச்சது இந்தத் தம்பிதான்."

போன கிழமை அப்படி ஒருவரைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். அதே வேலை, அதே வெள்ளை எல்இடி. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரு ஓட்டைக்கு மட்டும் பழைய பல்ப்பைப் போட்டேன். வந்தவர் விடவில்லை. "ஏன் பாஸ், அதை மட்டும் மாத்தல்ல?"

மாஸ்டரைப்போல வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் சொன்னேன். காந்தம், கால் அம்பியர், எல்இடி போட்டால் சார்ஜ் பிடிக்காமல் பட்டரி இறங்குவது, அப்போது அந்த லைட் அணையாமல் எரிவது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். நானா பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்காமல், ஆனால் அவருக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவர் கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்து, அதை மேசை ஓரத்தில் வைத்தார்.

"அப்ப நாங்க வாறோம் தம்பி."

இரண்டு வானும் ஒன்றின்பின் ஒன்றாக வெளிக்கிட்டன. நான் மல்டிமீற்றர் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். இந்தக் கிழமை முழுக்க அவர் கூப்பிடவில்லை. ஹயர் கூடவாகவும் இருக்கலாம்.