சாயத் தொட்டிக்கு முன்னால் எடுக்கப்படும் முடிவுகள்

திருப்பூருக்குச் சுற்றுச்சூழல் பொறுப்பைக் கற்றுக்கொடுத்தது நீதிமன்றம். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே வழக்குத் தொடுக்கும் நிலை வந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை 2006-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி கடைசியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றபோது ஊர் பட்ட பாட்டை இங்கே தொழில் செய்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

சொந்தச் சாயப்பிரிவு வைத்திருக்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். அந்த வரலாற்றின் விளைவாக எங்கள் தொழிலில் ஒரு விசித்திரமான மனநிம்மதி உருவாகியிருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். "அதுதான் பிளான்ட் இருக்கே" என்பது அந்த நிம்மதியின் வாசகம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கோடிக்கணக்கில் பணம் போட்டாயிற்று, தண்ணீர் திரும்ப வந்துவிடுகிறது, ஆற்றில் எதையும் விடவில்லை, ஆகவே சுற்றுச்சூழல் வேலை முடிந்தது என்று மேலாளர்கள் முதல், ஆர்டர்களைக் கையாளும் மெர்ச்சண்டைசர்கள் வரை எல்லோரும் நம்புகிறார்கள். நிறுவனத்தின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் சுற்றுச்சூழல் கொள்கைப் பலகையும் அந்த நம்பிக்கையையே உறுதிப்படுத்துகிறது.

பிளான்ட்டுக்குள் நடப்பதைச் சற்று விளக்கினால்தான் இந்த நம்பிக்கையில் உள்ள ஓட்டை தெரியும். சாயமேற்றிய பிறகு வரும் கழிவுநீரை முதலில் உயிரியல் முறையில் சுத்திகரித்து, வடிகட்டி, பிறகு ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளுகிறோம். பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பிவிடுகிறது. மிஞ்சுவது அடர்ந்த உப்புக் கரைசல். அதை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து நீரைப் பிரித்து, உப்பைப் படிகமாக்குகிறோம். ஆவியாக்கி தின்னும் மின்சாரமும், பாய்லரில் விறகு எரித்து உண்டாக்கும் நீராவியும் கொஞ்சநஞ்சமல்ல. சாயமேற்றச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தும் இடங்களில் அந்த உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. மீட்க முடியாமல் கலந்துபோன கலப்பு உப்போ மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. அதற்கு உருப்படியான தீர்வு இன்னும் வரவில்லை. ஆற்றைக் காப்பாற்றியதற்கு விலையாக விறகையும் மின்சாரத்தையும் உப்பு மூட்டைகளையும் நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே உண்மை. அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைக் குறைக்கும் வழி பிளான்ட்டுக்குள் இல்லை. அதற்கு வெகு முன்னால் இருக்கிறது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நீலம், கறுப்பு போன்ற ஷேடுகளுக்கு, அதாவது நிறங்களுக்கு, லிட்டருக்கு 70 கிராம் வரை போடுவது சாதாரணம். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் நீர் என்ற விகிதத்தில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 500 கிலோ லாட் ஒன்றை (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) போட்டால் 3,000 லிட்டர் நீருக்கு 210 கிலோ உப்பு போகிறது. பதினைந்து லிட்டர் கேட்கும் பழைய வின்ச் இயந்திரத்தில் அதே லாட்டுக்கு அரை டன்னுக்கு மேல் ஆகும். போட்ட உப்பு துணியில் தங்குவதில்லை. ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு பிளான்ட்டுக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஒரு லாட் முதல் முறையே சரியான ஷேடில் வெளிவருகிறதா, இல்லை மறுபடி சாயமேற்ற வேண்டியிருக்கிறதா என்பதுதான் எங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் முடிவு. சாயத்தை உரித்தெடுக்கக் காஸ்டிக்கும் ஹைட்ரோவும், திரும்ப ஏற்றச் சாயமும் உப்பும் சோடாவும், பிறகு வரிசையாகக் கழுவல்கள் என்று அந்த ஒரு லாட் இரண்டு மூன்று லாட்டுகளின் சுமையைப் பிளான்ட்டின் தலையில் இறக்கிவிடுகிறது.

இந்த முடிவு எடுக்கப்படும் இடம், வெவ்வேறு விளக்குகளில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க லேபில் உள்ள லைட் பாக்ஸ். ஒரு முறை கருநீல லாட் ஒன்று, பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கில் மாதிரித் துணியோடு ஒத்துப்போனது. கடை விளக்கைப் போன்ற டிஎல்84-க்கு மாற்றியதும் இழையோடிய சிவப்பு தெரிந்தது. நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி காட்டிய வேறுபாடு, ஆர்டர் கொடுத்த பையர் அனுமதித்த அளவான ஒன்றுக்குச் சற்றே மேல். மெர்ச்சண்டைசர் மறுபேச்சில்லாமல் நிராகரித்தார். ஊறிப்போன அனுபவமுள்ள டையிங் மாஸ்டர் துணியை இரு கைகளிலும் விரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், பனியன் வாங்க வர்றவங்க லைட் பாக்ஸைக் கையில எடுத்துட்டா வர்றாங்க?" என்றார். மெர்ச்சண்டைசர் சிரிக்கவில்லை, அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஷிப்மென்ட் திரும்பி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பையரிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுப் பார்ப்பதைவிட ரீடை, அதாவது மறுபடி சாயம், போடச் சொல்வது அவருக்குப் பாதுகாப்பானது, ஏனென்றால் அந்த ரீடையின் செலவு அவருடைய கணக்கில் எங்கும் வருவதில்லை.

அங்கேதான் கோளாறு இருந்தது. பிளான்ட்டை ஓட்டும் செலவு முழுவதையும் பொதுச் செலவு என்ற தலைப்பில் மாதக் கடைசியில் எல்லா ஆர்டர்களின் மீதும் எடைக்கு ஏற்பப் பரவலாகத் தூவிக்கொண்டிருந்தோம். வெளிர் மஞ்சள் டீஷர்ட்டும், இரண்டு முறை சாயம் கண்ட கறுப்பு டீஷர்ட்டும் கிலோவுக்கு ஒரே சுத்திகரிப்புச் செலவைச் சுமந்தன. அந்த முறை நீடிக்கும்வரை எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் யாருடைய பழக்கமும் மாறாது என்பது என் கருத்து.

சாயப்பிரிவின் உற்பத்தி ஊக்கத்தொகையிலும் இதே கதைதான். ஷிப்டில் எத்தனை கிலோ துணி வெளியே வந்தது என்பதை வைத்துக் கணக்கிட்டதால் ரீடை போட்ட துணியும் உற்பத்தியாகவே எண்ணப்பட்டது. தவறுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம். முதல் முறையே தேறிய கிலோவுக்கு மட்டும் தொகை என்று மாற்றிய பிறகு, இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் துணியில் வெளுக்கப் போட்ட பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா, பிஎச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைகளை யாரும் சொல்லாமலே ஆட்கள் செய்யத் தொடங்கினார்கள். ராத்திரி ஷிப்டில் குழாயைத் திறந்துவிட்டு, நிரம்பி வழிய வழியக் கழுவும் வழக்கம் மட்டும் எளிதில் போகவில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி நீர்மானி பொருத்தி, லாட் சீட்டிலேயே அளவைக் குறிக்கச் சொன்ன பிறகுதான், நிரப்பிக் கழுவி வடித்துவிட்டு மறுபடி நிரப்பும் முறை நிலைத்தது.

பாய்லர் விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறகை டன் கணக்கில் வாங்குகிறோம். மழைக்காலத்தில் வரும் லோடில் கணிசமான எடை ஈரம்தான். அந்த ஈரத்துக்கும் பணம் கொடுத்து, அதை உலர்த்தவே பாய்லரின் வெப்பத்தைச் செலவிட்டு, புகைபோக்கியில் கறும்புகையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். எடைமேடையருகே ஈரமானி ஒன்றை வைத்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஈரத்துக்கு எடையில் கழிவு என்று கொள்முதல் விதியை மாற்றியதும் வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். பிறகு காய்ந்த விறகு வரத் தொடங்கியது. கரிம உமிழ்வைக் குறைப்போம் என்ற கொள்கை வாசகத்தைவிட, காவலாளி கையில் இருக்கும் அந்தச் சிறு கருவி அதிக வேலை செய்கிறது. ரசாயனக் கிடங்கில் இந்த அளவு வெற்றி கிடைக்கவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தாலும், அவசரத்தில் சரக்குத் தீர்ந்துபோகும் நாளில் பெயர் தெரியாத கம்பெனியின் சோப் ஆயில் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் அழுத்தமும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதித்திருக்கிறது. திருப்பூரில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வெளிநாட்டு பையர்கள் கேட்கும், ஆலையின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை அளக்கும் ஹிக் மதிப்பீடுகளும் ஆடிட்டுகளும் எங்களை விடுவதில்லை. அவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். நீர்மானிகளுக்கு நிர்வாகம் பணம் ஒதுக்கியதே அந்தக் கேள்வித்தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால்தான். ஆனாலும், நிலைத்தன்மைப் பிரிவிலிருந்து ஒரு பையர் நூறு கேள்விகள் அனுப்புகிறார். அதே பையரின் கொள்முதல் பிரிவு மறுநாள் விலையில் சில சென்ட்டுகள் குறைக்கச் சொல்கிறது. இந்த இருவரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வதுண்டா என்ற சந்தேகம் எனக்கு அடிக்கடி வரும்.

ஒவ்வொரு ஆர்டரின் செலவையும் கணக்கிடும் எங்கள் காஸ்டிங் தாளில் இப்போது சுத்திகரிப்புச் செலவு தனி வரியாக வருகிறது. ஷேடின் அடர்த்திக்கு ஏற்ப அது மாறுகிறது; ரீடை போட்டால் அந்த ஆர்டரின் லாபத்திலிருந்தே கழிகிறது. கணக்குப் பிரிவோடு நடந்த இழுபறிகளை விவரிக்க வேண்டியதில்லை. விளைவு என்னவென்றால், ஷேடு சற்று விலகினால் முதலில் பையரிடம் எழுதிக் கேட்பதை மெர்ச்சண்டைசர்களே வழக்கமாக்கிக்கொண்டார்கள். பையர்களில் சிலர் ஒரே ஸ்டைலின் எல்லாத் துண்டுகளும் ஒரே லாட்டிலிருந்து வந்தால் போதும் என்று அனுமதி அளவைத் தளர்த்தினார்கள். சிலர் பதிலே போடவில்லை. அடர் ஷேடுகளுக்கு நாங்கள் கூடுதல் விலை சொன்னபோது சில கறுப்பு ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. அவற்றில் ஒன்று இத்தனை கெடுபிடி இல்லாத வேறொரு மாநிலத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அந்த மாதக் கூட்டத்தில் பழைய கணக்கு முறைக்கே திரும்பலாம் என்ற பேச்சு எழுந்தது. நிர்வாக இயக்குநர் ரீடை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த சீசன் வரை இப்படியே போகட்டும் என்றார்.