55,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் பிசி: நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 5, சனி

கணக்கு இதுதான்: கேபினட்டும் உள்ளே இருப்பவையும் மட்டும் 55,000 ரூபாய். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் தனி. 1080பி (1920 x 1080 புள்ளி) திரையில் புது கேம்கள் விநாடிக்கு 60 ஃபிரேமுக்குக் கீழே இறங்கக் கூடாது.

சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கொட்டேஷன் கையில் வந்துவிடும். பெரும்பாலும் ஒரே அச்சுதான். ப்ராசஸர் பெயர் முதல் வரியில் இருக்கும், ரேம் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக இருக்கும், எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் தரும் பெட்டி) என்ற இடத்தில் கம்பெனி பெயரே இல்லாமல் "450 வாட்" என்று மட்டும் இருக்கும். கடைசி இரண்டையும் அப்போதே மாற்றச் சொல்ல வேண்டும்.

பாகங்களைத் தனித்தனியாக எடுத்து வைத்து "இது நல்லதா" என்று கேட்பதில்தான் காசு வீணாகிறது. இந்த கிராபிக்ஸ் கார்டுக்கு இந்த மதர்போர்டு ஒத்துவருமா, இந்த ப்ராசஸருக்கு இந்த கூலர் தாங்குமா என்று ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டும். கார்டை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

கடைகள் இன்று இல்லை. கார்டை முடிவு செய்ய நல்ல நாள்.

20,000 – 22,000 ரூபாயில் நிற்பது ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். இதோடு போட்டிக்கு வரும் ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கேம்களில் இதைவிட மெதுவானது, விலையும் குறைவில்லை. பிளெண்டர் (3டி மென்பொருள்) வேலை, லைவ் ஸ்ட்ரீமிங் என்று இருப்பவர்கள் மட்டும் 3050-ஐ யோசிக்கலாம்.

விலையைப் பார்த்து ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகக் கூடாது. அதில் 4 ஜிபிதான் இருக்கிறது, போர்டோடு பேசுவதும் நான்கே லேன்களில் (தகவல் போகும் தடங்களில்). கேம் 4 ஜிபியைத் தாண்டியதும் டெக்ஸ்சர்களை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) ரேமிலிருந்து அந்தக் குறுகலான வழியாகத்தான் இழுக்கும். போர்டில் கார்டு பொருந்தும் பிசிஐஇ இணைப்பு பழைய 3.0 ஆக இருந்தால் அந்த வழியும் பாதியாகிவிடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. திரையை வீடியோவாகச் சுருக்கும் என்கோடரும் அதில் கிடையாது, கேமைப் பதிவு செய்தால் சுமை முழுக்க ப்ராசஸர் தலையில் விழும்.

பழைய ஆர்எக்ஸ் 580 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் 2304 ஷேடர் (கணக்குப் போடும் சிறு அலகு) உள்ளதும் உண்டு, 2048 மட்டுமே உள்ளதும் உண்டு. இரண்டும் ஒரே பெயரில் விற்கின்றன. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. 185 வாட் இழுக்கும், கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்

ப்ராசஸரும் போர்டும் சேர்த்து.

ரைசன் 5 5600: 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). விலை 12,500 சொன்னார்கள். 5500 சுமார் 3,000 குறைவு. அதற்கும் 6 கோர்தான், ஆனால் கேஷ் 16 எம்பி. பெயரில் 100 குறைவதாகத் தோன்றினாலும் கேஷ் பாதியாகிறது, கேம்களில் அது நன்றாகவே தெரியும். 5600 என்று எழுதியாயிற்று.

வேலரன்ட், சிஎஸ் (கவுன்டர்-ஸ்ட்ரைக்) போன்ற லேசான கேம்கள் மட்டும்தான் என்றால் இன்டெல் ஐ3 12100எஃப்பும் எச்610 போர்டும் போதும், 4,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். புது கேம்களில் நான்கு கோர் திணறத் தொடங்கிவிட்டது, அதனால் இங்கே வேண்டாம்.

போர்டுதான் யோசிக்க வைத்த இடம். பி450-க்கும் பி550-க்கும் 2,500 ரூபாய் வித்தியாசம். பி450 பிசிஐஇ 3.0, பி550 பிசிஐஇ 4.0. ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் கார்டு. 3.0-இல் அதற்கு விநாடிக்குச் சுமார் 8 ஜிபி, 4.0-இல் சுமார் 16 ஜிபி. எட்டு ஜிபி நினைவகம் நிரம்பாத வரை இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எனவே பி450. இதே முடிவை 6500 எக்ஸ்டிக்கு எடுத்திருந்தால் தவறாகியிருக்கும்.

பி450 வாங்கும்போது பெட்டியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். "ரைசன் 5000 ரெடி" ஸ்டிக்கர் இருக்கிறதா? இல்லையென்றால் பழைய பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) இருக்கக்கூடும். 5600 போட்டதும் விசிறி சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லலாம், அல்லது பென்டிரைவிலிருந்து நேரடியாக ஏற்றும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள மாடலை எடுக்கலாம். விஆர்எம் (ப்ராசஸருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி) மேல் ஹீட்சிங்க் உள்ளதையே எடுக்க வேண்டும். நாளைக்கு 105 வாட் 5800எக்ஸ்3டி போடும் ஆசை வந்தால் அது தேவைப்படும்.

ப்ராசஸர் பெட்டியோடு வேண்டும். "ட்ரே" என்று கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். அதில் கூலரும் இருக்காது, கம்பெனி வாரண்டியும் இருக்காது.

2023 ஆகஸ்ட் 9, புதன்

எஸ்எம்பிஎஸ். பெட்டியில் போட்ட வாட் எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தைப் படிக்க வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வந்த ஒரு "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்றிருந்தது. 18 x 12 = 216 வாட். கார்டும் ப்ராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட்டில்தான். அந்த ஸ்டிக்கரில் 8 பின் கார்டு கேபிளைப் பற்றிப் பேச்சே இல்லை.

நம் தேவை: கார்டு 132, ப்ராசஸர் உச்சத்தில் 76, மற்றவை 50. மொத்தம் 258 வாட். கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு இதைத் தாண்டித் துள்ளும் என்பதால் 550 வாட் '80 பிளஸ் ப்ரான்ஸ்' (மின்திறன் தரச் சான்று), 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல், ஐந்து வருட வாரண்டி உள்ளதாக 4,000 ரூபாயில் எடுக்கலாம். இதில் ஆயிரம் மிச்சம் பிடித்தால் பின்னால் கையைக் கடிக்கும்.

யுபிஎஸ் கணக்கும் இங்கேயே பார்த்துவிடலாம். 85 சதவீதத் திறனில் 258 வாட்டுக்குச் சுவரிலிருந்து சுமார் 303 வாட் போகும். மானிட்டர் 25. ஆக 328. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் அது 'பீப்' என்று கத்திவிட்டு அணையக்கூடிய எல்லையில் இருக்கிறோம். 1000 விஏ-க்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 11, வெள்ளி

மீதி சாமான்கள், சுருக்கமாக. ரேம்: டிடிஆர்4 3200, சிஎல்16 (தாமத அளவு), 8 ஜிபி இரண்டு, ஒரே பேக்கில். ஒற்றை 16 ஜிபியில் சேனல் (ரேமுக்கான பாதை) ஒன்றுதான் வேலை செய்யும், சராசரி ஃபிரேமைவிடக் குறைந்தபட்ச ஃபிரேம் அதிகமாக அடிவாங்கும். எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ (போர்டிலேயே சொருகும் வகை), ஜென்3 (பிசிஐஇ 3.0) போதும். கேபினட்: முன்பக்கம் முழுக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், வலைதான் வேண்டும். நம் ஊர் அறை வெயில் காலத்தில் 35 டிகிரி, உள்ளே போகும் காற்றே சூடு. முன்னால் இரண்டு 120 மிமீ விசிறி இழுக்க, பின்னால் ஒன்று தள்ள.

வாங்கிய விலை: கார்டு 21,000, ப்ராசஸர் 12,500, போர்டு 6,500, எஸ்எம்பிஎஸ் 4,000, எஸ்எஸ்டி 3,700, ரேம் 3,400, கேபினட் 2,900. மொத்தம் 54,000. எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில், அதில் சீரியல் எண்.

2023 ஆகஸ்ட் 12, சனி

பூட்டும் நாள். தடுக்கும் இடங்களை மட்டும் குறிக்கிறேன்.

பெட்டியில் வந்த கூலரை மாட்டும் முன் போர்டிலிருக்கும் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் தாங்கிகளையும் கழற்ற வேண்டும். நான்காவது திருகு வெளியே வந்ததும் பின்னாலிருக்கும் இரும்புத் தகடு கீழே விழும், ஒரு கை அடியில் இருக்கட்டும். கூலரின் நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்காக, இரண்டிரண்டு சுற்றாக முறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டால் எதிர் மூலை பிடிக்காது. பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், தொடக் கூடாது. பிற்பாடு கழற்றும்போது சூடாக்கி, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் லாக் போட்டிருந்தாலும் ப்ராசஸர் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்து பின்கள் வளையும்.

ரேம் நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். மானிட்டர் கேபிள் கார்டில். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, போர்டின் எச்டிஎம்ஐ துளை செத்ததுபோல் இருக்கும்.

முதல் ஸ்விட்ச்சில் திரை உடனே வராது. ரேமைப் பழக்கிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகும், இடையில் அணைக்க வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு

பயாஸில் மூன்று வேலை. எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கவில்லையென்றால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோதான் ஓடும், யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்து சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அணைத்து, 4ஜி டிகோடிங்கும் ரீசைஸபிள் பாரும் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் நேராக அணுக விடுபவை) இயக்கம். மூன்றாவது எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள்: விண்டோஸ் 11-இல் வேலரன்ட் இவை இல்லாமல் திறக்காது. இதையெல்லாம் விண்டோஸ் போடுவதற்கு முன் செய்ய வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் பிரித்து விண்டோஸ் போட்ட டிஸ்க் சிஎஸ்எம் அணைந்ததும் பூட் ஆகாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, பிழை 0. ப்ராசஸரை வாட்டும் சினிபெஞ்ச் சோதனை பத்து நிமிடம், அறை 33 டிகிரி, ப்ராசஸர் 83. இதன் எல்லை 90, கேமில் இவ்வளவு போகாது. ஜிபியு-இசட்டில் "எக்ஸ்8 3.0" (எட்டு லேன், பிசிஐஇ 3.0) என்று காட்டுவது சரி. எக்ஸ்4 என்று காட்டியிருந்தால் கார்டைக் கழற்றிச் சரியாகப் பொருத்த வேண்டும், அல்லது அது தவறான ஸ்லாட்டில் இருக்கிறது.

மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்று விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, தானாக 60-இல் நின்றது.

பில்கள் தெர்மல் தாளில் அச்சானவை. கார்டு வாரண்டி மூன்று வருடம், அந்தத் தாளின் எழுத்து ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். இன்றே ஜெராக்ஸ் எடுத்து கார்டு பெட்டிக்குள் வைத்தாயிற்று.