மேசையில் இருப்பவள் கைதட்டக் கூடாது

கூடைப்பந்தாட்டத்தில் மேசை அதிகாரிகள் என்று ஓர் இனம் உண்டு. நடுக்கோட்டுக்கு நேரே, எல்லைக்கு வெளியே ஒரு நீள மேசை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள்தான். ஸ்கோர் ஷீட் எழுத ஒருவர், அவருக்கு உதவியாக ஒருவர், ஆட்ட நேரத்துக்கு ஒருவர், 24 விநாடிக் கடிகாரத்துக்கு ஒருவர். வார நாட்களில் கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதும் எனக்கு, பாடசாலைச் சுற்றுப்போட்டிகள் நடக்கும் காலத்தில் வார இறுதி வேலை இது. கொடுப்பனவில் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக ஏதோ மிஞ்சும். காசுக்காக யாரும் வருவதில்லை. பாஸ்கட்போல் பைத்தியம் பிடித்தவர்கள்தான் வருகிறோம். வந்தவுடன் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே அந்தப் பைத்தியத்தை வெளியே காட்டாதே என்பதுதான்.

பைத்தியம் எனக்கு மாமாவிடமிருந்து தொற்றியது. நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். சுகததாச அரங்குக்கு நடந்தே போகலாம். அங்குள்ள உள்ளக அரங்கை எங்கள் தெருவில் யாரும் முழுப் பெயரில் சொன்னதில்லை, 'இண்டோர்' என்றால் அதுதான். மாமா மட்டக்களப்பு ஆள், புனித மிக்கேல் கல்லூரிப் பழைய மாணவர். பாடசாலைச் சம்பியன்ஷிப் நடக்கிறதென்று கேள்விப்பட்டால், யார் விளையாடுகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். கையில் ஒரு சுருள் கடலை. மாமா கைதட்ட மாட்டார், திட்டுவார். எல்லா அணிகளையும் திட்டுவார். "பாஸ் பண்ணத் தெரியாதவனுக்கு ஷூ எதுக்கு?" என்பது அவருடைய நிரந்தர வசனம். 2000 ஆம் ஆண்டுக்கு முன் ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகளாக இருந்ததையும், பந்தைக் கூடைக்கு எறிய 30 விநாடி கிடைத்ததையும் அவர் ஏதோ பறிகொடுத்த சொத்தைப் போலச் சொல்வார். நான்கு கால்பகுதிகள், 24 விநாடி என்று மாற்றிய பிறகு பிள்ளைகள் யோசிக்காமல் விளையாடுகிறார்கள் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய முறையில் முன்னணியில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டுவதைப் பார்த்துக் கொட்டாவி விட்டவள் நான்.

மட்டக்களப்பில் இந்த விளையாட்டு வேர்விட்ட கதையையும் அவர்தான் சொன்னார். அங்கே பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் மதத்தோடும் கல்வியோடும் கூடைப்பந்தையும் கொண்டுவந்தார்கள். மட்டக்களப்பின் வெபர் மைதானம் அப்படி வந்த ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைத் தேசிய அளவில் வெல்லும் அணியாகப் பயிற்றுவித்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் அவரும் கூடச் சென்ற இளைஞரும் காணாமற்போனார்கள். இன்றுவரை வரவில்லை. உலகத்தில் எல்லாரையும் திட்டும் மாமா அவரைப் பற்றி மட்டும் ஒரு சொல் குறைவாகப் பேசிக் கேட்டதில்லை.

போர்க் காலத்தில் கிழக்கிலிருந்து ஓர் அணி கொழும்புக்கு வந்து விளையாடுவதென்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது. ரயில் மட்டக்களப்பு வரை ஓடாத வருடங்கள் இருந்தன. வழி நெடுகச் சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் பையைப் பிரித்துக் காட்ட வேண்டும். கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. பதினேழு, பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தெருவில் நடந்தாலே கேள்வி வரும். அப்படி வந்து, அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பின் பெரிய பாடசாலை ஒன்றோடு மாச். அந்தப் பக்கம் பபரே வாத்தியம், ட்ரம்பெட், கொடி, பழைய மாணவர்கள். இந்தப் பக்கம் மாமா, நான், இன்னும் நாலைந்து பேர், கடலைச் சுருள்.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்கோர் ஷீட்டைக் கிட்டப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது பக்கத்தில் இரு அணிகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்து சின்னக் கட்டங்கள், ஃபவுல் எழுத. ஐந்தும் நிறைந்தால் அந்த ஆள் ஆட்டத்தை விட்டு வெளியே. வலது பக்கத்தில் 1 முதல் 160 வரை எண்கள். பந்து கூடைக்குள் விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோ என்றால் அடைத்த புள்ளி, மூன்று புள்ளி என்றால் எறிந்தவரின் ஜேர்சி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். முதலாம், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்புப் பேனா. இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு நீலம் அல்லது கறுப்பு. கணக்குக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வித்தியாசம், கடைப் பேரேட்டில் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இங்கே சமமாக வந்தால் மேலதிகமாக 5 நிமிடம் விளையாட வேண்டும், கடைசி பஸ் போய்விடும்.

முன்பெல்லாம் ஜேர்சி எண்கள் 4 இல் தொடங்கி 15 இல் முடியும். ரெஃப்ரி விரலைக் காட்டியவுடன் கண் தானாக அந்த வரிக்குப் போய்விடும். 2014 இல் சர்வதேச விதியை மாற்றி 99 வரை எதையும் போடலாம் என்றார்கள். அன்றிலிருந்து எல்லா அணியிலும் ஒரு 23, ஒரு 24, ஒரு 30. அமெரிக்க நட்சத்திரங்கள் ஜோர்டன், கோபி, கரி மூவரும் கொழும்பிலேயே குடியிருப்பதுபோல. எண்ணைப் பார்த்தே பையன் என்ன வகை என்று சொல்லிவிடலாம். 30 போட்டவன் 6.75 மீற்றர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் எறிவான், போகிறதோ இல்லையோ.

மேசையில் மிகவும் பொல்லாத கதிரை 24 விநாடிக் கடிகாரத்தினுடையது. பொத்தான்கள் ஒன்றிரண்டுதான். ஆனால் எறிந்த பந்து வளையத்தில் பட்டதா, உரசியதா, வெறும் காற்றிலேயே போனதா என்பதை அந்தக் கதிரையில் இருப்பவர் கண நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். வளையத்தில் பட்டு, எறிந்த அணியே பந்தைத் திரும்பப் பிடித்தால் 14 விநாடி. மற்ற அணி பிடித்தால் 24. படவே இல்லையென்றால் கடிகாரத்தைத் தொடவே கூடாது, அது பாட்டுக்கு ஓட வேண்டும். ரசிகையாக இருந்த காலத்தில் நான் இந்தக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. இப்போது எறிபவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ அழகான எறிதல்களில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன், கையை விட்டு வெளியேறும் முதற்பாதி எனக்கில்லை.

இதற்கிடையில் சத்தம். திறந்த மைதானத்தில் பபரே அடித்தால் வானத்துக்குப் போகும். கூரைக்குக் கீழே அடித்தால் திரும்ப நம் தலையில்தான் விழும். பஸர் அடிப்பது ரெஃப்ரிக்கே கேட்காது. பழைய மாணவர்கள் ஒரு வேலை செய்வார்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது, கடிகாரத்தில் பத்து விநாடி மிச்சமிருக்க, "ஃபைவ், ஃபோர், த்ரீ" என்று எல்லோரும் சேர்ந்து எண்ணுவார்கள். பதறிப்போன பிள்ளை நடுக்கோட்டிலிருந்தே எறிந்துவிடும். விதியில் இதற்குத் தண்டனை இல்லை. எனக்குப் பிடிக்காத பழக்கம், ஆனால் சிரிப்பு வரும். சிரிக்கவும் கூடாது.

பெண் பிள்ளைகளின் ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ், நகர்வு, ஆளுக்காள் விட்டுக்கொடுப்பது எல்லாவற்றிலும் அவர்கள் ஆட்டம்தான் சுத்தம் என்பது மேசையிலிருந்து பார்த்த என் அபிப்பிராயம். ஆனால் நான் வேலை செய்த இறுதியாட்ட நாட்களில் அவர்களுடைய மாச் மத்தியானமே முடிந்துவிடும், பபரே வருவது அதற்குப் பிறகுதான். உயரமான பிள்ளையென்றால் வலைப்பந்துக்கு இழுத்துக்கொண்டு போகவும் ஆள் உண்டு. இலங்கை அணியின் உயரமான தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் செய்ததைப் பார்த்த பிறகு அதைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

கிழக்கிலிருந்து வந்த ஓர் அணிக்கு நான் ஸ்கோர் எழுதிய நாள் ஒன்று உண்டு. மாமா மேலே படிகளில். எனக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாம் கால்பகுதியில் அவர்களுடைய சென்டர் பையன் பந்தை எடுக்க மேசைப் பக்கம் வந்தவன், என் கழுத்து அட்டையில் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, எனக்கு எத்தனை ஃபவுல்?"

ஃபவுல் எண்ணிக்கையைக் கேட்க வேண்டியவர் கோச், அதுவும் பந்து நின்று, கடிகாரமும் நின்றிருக்கும்போது. பக்கத்து இருக்கையில் எதிரணியின் உதவி கோச். தமிழில் நான் வாய் திறந்தால், சொன்னது ஓர் எண்ணாகவே இருந்தாலும், அவருக்கு அது வேறு ஏதாகவோதான் கேட்கும். ஒவ்வொரு ஃபவுலுக்கும் எல்லாருக்கும் தெரியும்படி நாங்கள் தூக்கிக் காட்டும் எண் அட்டைகள் மேசையில் கிடந்தன. மேலே கிடந்தது 4. நான் அட்டையைப் பார்த்தேன், அவனும் பார்த்தான். அவ்வளவுதான். அவனுடைய கோச் ஏனோ அவனை வெளியே எடுக்கவில்லை. மாமாவாக இருந்தால் எடுத்திருப்பார். நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

நான்காம் கால்பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் ஐந்தாவது. விசில், ரெஃப்ரியின் விரல்கள், கடைசிக் கட்டத்தில் என் நீலப் பேனா. அட்டையைத் தூக்கியதும் நான்தான். 30 விநாடிக்குள் மாற்று வீரர் வர வேண்டும். பையன் ஜேர்சியை வாயில் கடித்துக்கொண்டு போய் இருக்கையில் உட்கார்ந்தான். கோச் ஓடிவந்து "நாலுதானே?" என்று கேட்டார். ஷீட்டைத் திருப்பிக் காட்டினேன். ஐந்து கட்டங்களும் நிறைந்திருந்தன. ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மேலே மாமா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னையாகவும் இருக்கலாம்.

மேசைக்கு வந்த பிறகு எனக்கு மாறியது இதுதான் என்று நினைக்கிறேன். முன்பு புள்ளிகளைப் பார்த்தேன், இப்போது நான்காவது ஃபவுலைப் பார்க்கிறேன். ஒரு பிள்ளைக்கு நான்கு விழுந்த பிறகு அவன் கைகளை எங்கே வைக்கிறான், கோச் அவனை நம்புகிறாரா, மற்ற நால்வரும் அவனுக்காக எவ்வளவு கூட ஓடுகிறார்கள் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. படிகளில் இருந்து கத்திய நாட்களில் இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அதே சமயம், கத்திய நாட்களில் கிடைத்த சுகம் இப்போது கிடைப்பதும் இல்லை. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அன்றைய மனநிலையைப் பொறுத்துச் சொல்வேன்.

பாடசாலை ஆட்டங்களுக்கு ஏன் இவ்வளவு கூட்டம், பெரியவர்களின் லீக்குக்கு ஏன் இல்லை என்று அலுவலகத்தில் கேட்பார்கள். மூத்த பிரிவில் இறுதியாட்டம் விளையாடும் பிள்ளைகளில் பலருக்கு அதுதான் கடைசிப் பெரிய ஆட்டம். அடுத்து ஏ.எல். பரீட்சை. பிறகு இராணுவம், விமானப்படை அணிகளிலோ வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளிலோ ஒரு சிலருக்கு இடம் கிடைக்கும். மிச்சப் பேர் வேலைக்கு, வெளிநாட்டுக்கு. இது மேலே இருக்கிற பெற்றோருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். அதனால் ஒரு விசிலுக்குப் பின்னால் அத்தனை சத்தம். பெற்றோர் எங்களைப் பார்த்துக் கத்துவதை நான் மன்னித்துவிடுவது இதனால்தான். தண்ணீர்ப் போத்தல் எறிவதை மட்டும் மன்னிப்பதில்லை.

ஆட்டம் முடிந்து முதல் ரெஃப்ரி கையெழுத்துப் போட்டதும் ஷீட் பிரியும். வெள்ளை மூலப்பிரதி போக, இளஞ்சிவப்புப் பிரதி வென்ற அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. தோற்றவர்கள் மஞ்சளை வாங்க வருவதே அபூர்வம், நாங்கள்தான் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். அன்று கோச்சுக்குப் பதிலாக அந்தச் சென்டர் பையனே வந்தான். பிரதியை வாங்கி, தன் வரியில் விரலை வைத்து ஐந்து கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ரெண்டாவது என்னோடதில்லை அக்கா, எட்டாம் நம்பர்ட" என்றான். அது ரெஃப்ரி சொன்னது, நான் எழுதியது என்றேன். தலையாட்டினான், நம்பவில்லை. வெளியே மாமா அவர்களுக்கெல்லாம் ரோல்ஸும் நெக்டோவும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே தற்காப்பு ஆட்டம் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பஸ் புறப்படும் வரை விடவில்லை.

பாடசாலைச் சம்பியன்ஷிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேசைக்கு எதிர்ப்பக்கம் நடுவில் இடம் பிடிக்கிறார்கள். டிவியில் தெரியும் கோணம் என்பதால் இருக்கலாம். அங்கே போகாதீர்கள். மேசையும் அணி இருக்கைகளும் ஒரே பக்கம்தான். அந்தப் பக்கத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் இருக்கைக்குப் பின்னால் மூன்றாவது நாலாவது படியில் உட்காருங்கள். டைம் அவுட்டில் கோச் பேசுவது கேட்கும். வென்றுகொண்டிருக்கும் கோச்சின் பேச்சில் கேட்பதற்கு ஒன்றுமிருக்காது.